ஐம்பதாயிரம் வேண்டும்: அடகா, குழுவா, தண்டலா?

எங்கள் அத்தை இட்லிக் கடை வைத்திருக்கிறார். கிரைண்டர் ரிப்பேர், கூடவே மகனுக்குக் காலேஜ் ஃபீஸ், ஆக உடனே 50,000 வேண்டும். எங்கே வாங்கலாம் என்று கேட்டதும் நான் வட்டிக் கணக்கில் இறங்கிவிட்டேன். அவர் கேட்டது வேறு. "கட்ட முடியாத அன்னிக்கு வீட்டுக்கு யாருடா வருவா?"

வட்டியை மட்டும் பார்த்தால் வங்கி நகைக்கடனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பத்து சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 5,000தான். குழு லோன் என்றால் (மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி தருவதைச் சொல்கிறேன், அரசு மகளிர் சுய உதவிக் குழு வேறு, போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்) 24 சதவீதத்தில் மாதம் சுமார் 2,640 வீதம் இரண்டு வருடம், வட்டி மட்டும் 13,400 பக்கம். தண்டலில் 50,000 என்று எழுதிக்கொண்டு 42,500தான் கைக்கு வரும். தினம் 500 வீதம் 100 நாள். நூறே நாளில் 7,500 போச்சு. வருடக் கணக்கில் பார்த்தால் 100 சதவீதத்தையும் தாண்டிவிடும்.

சரி, அத்தையின் கேள்விக்கு வருவோம்.

அடகு வைத்தால் யாரும் வரமாட்டார்கள். நோட்டீஸ் வரும், அப்புறம் ஏலம். அழுகை உண்டு, ஆனால் தெரு பார்க்காது. 2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரை தள்ளுபடி ஆனதிலிருந்து "எலெக்‌ஷன் வருது, மீட்காம விடு" என்று ஆலோசனை சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

குழு லோனில் ஆபீசரை விடப் பக்கத்து வீட்டு அக்காதான் பிரச்சினை. ஒருத்தர் தவணையை விட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அதனால் அதுவரை சேர்ந்து கோலம் போட்டவர்களே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் பண்ணி வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது, 2025இல் தமிழக அரசு கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்த அக்காவுக்கு எந்தச் சட்டம்?

தண்டல்காரர் தினமும் கடைக்கே வருவார். நியாயமாகச் சொன்னால் அன்றாடம் காசு புரளும் கடைக்கு அன்றாடம் கட்டுவதுதான் தோது, மழை நாளில் "நாளைக்கு ரெண்டா தாக்கா" என்று போகிறவர்களும் உண்டு. மக்கள் அங்கே போவது கணக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாலு நாள் சேர்ந்தால் பேச்சு மாறும். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டியோடு தண்டலையும் பேர் சொல்லியே தடுக்கிறது. அதற்குப் பதினான்கு வருடம் கழித்து, 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை என்று நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பமே தீக்குளித்தது, குழந்தைகள் உட்பட.

நகைக்குத்தான் என் ஓட்டு. ஆனால் அதிலும் ஒரு கொக்கி உண்டு. எங்கள் ஊர் வங்கியில் வருடம் முடிந்ததும் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியாது என்கிறார்கள், அசலோடு முழுசாகக் கட்டி மீட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டுமாம். காலையில் 55,000 கட்டி மத்தியானம் திரும்ப வைக்க, அந்த அரை நாளுக்குப் பணம் யார் தருவார்? அதே வட்டிக்காரர்தான், பேங்க் வாசலிலேயே நிற்கிறார். மலிவான கடனைக் காப்பாற்ற விலை கூடிய கடன்!

அத்தை செயினை வைத்துவிட்டார். இப்போது கடை மூடும்போது தினம் 150 ரூபாயை டப்பாவில் போடுகிறார், கேட்டால் "எனக்கு நானே தண்டல்காரி" என்கிறார். வருடத்துக்கு 54,750 வரும். குறைகிற 250ஐ நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், "வட்டி எவ்வளவுடா?" என்றார்.