இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் நின்ற ஃபோர்க்லிஃப்ட்: ஐந்து ஆண்டு அனுபவம்

48 வோல்ட் மின்சார ஃபோர்க்லிஃப்ட் ஒன்றை ஐந்து ஆண்டுகளாக நானே ஓட்டி, நானே பராமரித்தும் வருகிறேன். சுமை தூக்குவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தொல்லை கொடுத்தது எலெக்ட்ரிக் ஸ்டியரிங்தான்.

முதல் இரண்டு ஆண்டுகள் ஒன்றுமில்லை. மூன்றாம் ஆண்டில், இடப்பக்கம் முழுதாக ஒடிக்கும்போது திரையில் ஸ்டியரிங் பிழை வந்து வண்டி நின்றுவிடும். சாவியை அணைத்துப் போட்டால் ஓடும். பார்க்க வந்த மெக்கானிக், ஸ்டியரிங் மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரை மாற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கோளாறு கன்ட்ரோலரில் என்றால் வலப்பக்கம் எப்படி ஒழுங்காகத் திரும்புகிறது?

சரி, நாமே பார்ப்போம் என்று ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, பேட்டரி பிளக்கைக் கழற்றி, கெபாசிட்டர்களில் மின்சாரம் வடியும்வரை பொறுத்துப் பின்மூடியைத் திறந்தேன். இந்த வண்டியில் திரும்புவது பின்சக்கரம். அதன் கோணத்தைச் சொல்லும் சென்சாரின் வயரும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கூடவே வளைகிறது. மேலுறையில் கீறல்கூட இல்லை. ஆனால் இணைப்பைக் கழற்றி, மீட்டரை வைத்து வயரை மெல்ல வளைத்தேன். வயர் அறாமல் இருந்தால் தொடர்ந்து வர வேண்டிய பீப் சத்தம் விட்டு விட்டு வந்தது. அறுத்துப் பார்த்தால் செம்பு இழைகளில் இரண்டு மூன்றுதான் மிச்சம். புது வயரை வளைவதற்குத் தாராளமாக இடம் விட்டுக் கட்டி, சக்கரத்தின் நேர்நிலையை மறுபடி பதிவு செய்ததும் பிழை போயே போய்விட்டது.

நான்காம் ஆண்டில் வேறு கதை. ஷிஃப்ட் முடியப்போகும் நேரத்தில் மட்டும் ஸ்டியரிங் கனக்கும். பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்தேன். வண்டி சும்மா நிற்கும்போது அளந்தால் எதுவும் தெரியாது. மீட்டரைக் கவ்வியால் மாட்டி, விலகி நின்று, இன்னொருவரைத் திருப்பச் சொன்னேன். பேட்டரி முனையில் 46 வோல்ட், ஸ்டியரிங் கன்ட்ரோலருக்குள் போகும் இடத்தில் 42. இடையில் இருந்த ஃப்யூஸின் நட்டு தளர்ந்து, அடியில் கருத்துக் கிடந்தது. பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கும்வரை இந்த இழப்பு தெரியவில்லை, அவ்வளவுதான். ஃப்யூஸை மாற்றி, முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நட்டை இறுக்கினேன். இப்போது மாதம் ஒருமுறை இதே சோதனை.

அப்புறம் ஒரு குறை. சென்சார் கனெக்டரின் வாய் மேல்நோக்கி இருக்கிறது. வண்டியைக் கழுவினால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். தயாரிப்பிலேயே கீழ்நோக்கி வைத்திருக்க வேண்டும். நான் ஒரு ரப்பர் மூடி போட்டிருக்கிறேன்.