வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே புத்தகம் போட நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியில் இருக்கும் தம்பி ஒருவர் ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "அண்ணே, இவங்க என் கதையைப் புத்தகமா போட்டுத் தர்றேங்கிறாங்க. முன்பணம் கட்டலாமா?" என்று கேட்டார். பார்த்ததும் வயிறு கலங்கியது. நான் பணம் கட்டிய அதே இடம். படம் மட்டும் மாறியிருக்கிறது. "உங்கள் கண்ணீரை உலகம் படிக்கட்டும்" என்ற வாசகம் அப்படியே இருக்கிறது.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஆனால் பணம் பறிக்கும் முறையை முழுதாகச் சொல்கிறேன். இதே முறையில் வேறு பெயர்களிலும் ஆட்கள் நடத்துகிறார்கள்.

நான் புதுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்தில் சாரம் கட்டும் வேலை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் விடுதிகளை மூடியபோது நானும் அறைக்குள் மாட்டிக்கொண்டேன். விடுதிகளில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்த ஆண்டுக்குள் தொற்று வந்துவிட்டது என்று சுகாதார அமைச்சே டிசம்பரில் சொன்னது. அந்த நாட்களில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் எழுத ஆரம்பித்தேன். ஏஜென்டுக்குக் கட்டிய கடன், முதல் கம்பெனி, தளத்தில் நடந்த விபத்து, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) நண்பர்களைப் பார்ப்பது, அப்புறம் அந்த அடைப்பு. இரண்டு வருடத்தில் ஒரு புத்தகம் அளவுக்கு வந்துவிட்டது. இங்கே 2014-ல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு கவிதைப் போட்டி தொடங்கியது. அதில் கலந்துகொண்ட நண்பர்கள்தான் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "இதை விடாதே, புத்தகமா கொண்டு வா" என்றார்கள்.

சென்னையில் பெயர் தெரிந்த இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதில் இல்லை. மற்றொன்றில் அடுத்த வருடப் பட்டியல் முடிந்துவிட்டது, காத்திருங்கள் என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

எண்ணைக் கொடுத்த அரை மணி நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டார். "சார், உங்க சாம்பிள் படிச்சேன், அழுதுட்டேன் சார்" என்றார். நான் அனுப்பியது முதல் பத்துப் பக்கம். அதில் ஊரில் தேர் பார்த்த கதைதான் இருந்தது, அழுவதற்கு ஒன்றும் கிடையாது. அடுத்த நாளே ஒப்பந்தம் பி.டி.எஃப்.-ஆக வந்தது. 300 பிரதி, பிழைதிருத்தம், அட்டை வடிவமைப்பு, சென்னைப் புத்தகக் காட்சியில் தனி இடம், நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை) "உறுதி", 70 விழுக்காடு ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு). எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. பக்கம் கூடிவிட்டது என்று 12,000. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் பன்னாட்டு அடையாள எண்) பதிப்புரிமைப் பதிவுக்கும் 9,000. சிங்கப்பூருக்குப் பிரதிகளை அனுப்பும் செலவு 12,000. ஒவ்வொரு முறையும் "இது கட்டாதான் சார் பிரின்டிங்குக்குப் போகும்" என்பதுதான் பேச்சு. மொத்தம் 78,000 ரூபாய். நான் அனுப்பிய கணக்கில் 1,250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எனக்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 22 வெள்ளி என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக "சிறந்த அறிமுக எழுத்தாளர்" விருதுக்குப் பெயர் சேர்க்க 6,000 கேட்டார்கள். அதை நான் கட்டவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் போன் எடுக்கப்படவில்லை.

நான் ஏஜென்டுக்குப் பணம் கட்டி வந்தவன். இவர்கள் வேலை செய்வதும் அச்சு அசல் ஏஜென்ட் மாதிரியேதான். முதலில் கனவைச் சொல்வது, பிறகு பாதியில் நிற்க வைத்து அடுத்த தவணை கேட்பது. கட்டாவிட்டால் முன்னால் கட்டியதும் போய்விடும் என்ற பயம்தான் அவர்கள் முதலீடு.

ஊருக்கு வந்த பெட்டியை என் மனைவி வீடியோ அழைப்பில் பிரித்துக் காட்டினார். உள்ளே 40 பிரதிகள். மீதி 260 எங்கே என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. சிங்கப்பூருக்கு ஒன்றுகூட வரவில்லை. அட்டையில் ஒரு நகரத்தின் படம் போட்டிருந்தார்கள். அது துபாய். புர்ஜ் கலீஃபா தெளிவாகத் தெரிகிறது. உள்ளே பிரித்தால் எழுத்துகள் உடைந்து கிடந்தன. 'கொட்டகை' என்ற சொல்லில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் விழுந்திருந்தது. 'போ', 'கோ' வரும் இடமெல்லாம் ஒரு புள்ளிவட்டமும் தனித்துத் தொங்கும் காலும். தமிழுக்கு ஏற்ற அமைப்பை மென்பொருளில் தேர்வு செய்யாமல் பக்கம் அமைத்தால் இப்படித்தான் வரும் என்று பிற்பாடு ஒரு அச்சகக்காரர் விளக்கினார். ஒரு பக்கத்தைக் கண்ணால் பார்த்திருந்தால்கூடப் பிடித்திருக்கலாம். பிழைதிருத்தம் என்று பணம் வாங்கியவர்கள் யாரும் ஒரு பக்கமும் படிக்கவில்லை.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது வேறு.

என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவரின் கதை புத்தகத்தில் ஓர் அத்தியாயம். வீட்டுக்குத் தெரியாத ஒரு கடன் விஷயம். "எழுதுங்க மாமா, நாலு பேருக்குப் பாடமா இருக்கட்டும். ஆனா என் பேரும் ஊரும் வேணாம்" என்று சொல்லித்தான் சம்மதித்தார். நான் பெயரையும் ஊரையும் மாற்றி, மாற்றிய இடங்களைப் பட்டியல் போட்டு, திருத்திய பிரதியோடு மின்னஞ்சலில் அனுப்பினேன். "ரிசீவ்டு சார், அப்டேட் பண்ணிட்டோம்" என்று பதிலும் வந்தது. அச்சில் வந்தது பழைய பிரதி. அவர் பெயர், அப்பா பெயர், ஊர், எல்லாம் அப்படியே.

என் மனைவி பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அவர்கள் "பப்ளிசிட்டி" என்று சில பிரதிகளை எங்கள் மாவட்டத்தில் யார் யாருக்கோ அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று அந்த அறைத்தோழரின் தங்கையின் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே நடந்ததை நான் எழுதமாட்டேன். அந்த அறைத்தோழர் என்னிடம் கோபப்படவில்லை. அறையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். சொந்தக் கதை எழுதுகிறவன் தன் கதையை மட்டும் எழுதுவதில்லை, கூட இருந்தவர்களின் மானமும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அதைக் கையில் வாங்குகிறவனுக்கு அந்தப் பொறுப்பு தெரிந்திருக்க வேண்டும். நல்ல பதிப்பாசிரியர் முதலில் கேட்கும் கேள்வியே, "இதில் வருகிறவர்களிடம் சம்மதம் வாங்கினீர்களா, யார் பெயரை மாற்ற வேண்டும்?" என்பதுதான். இவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

2024 ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சிக்கு என் மைத்துனர் எனக்காகப் போய்த் தேடினார். அவர்கள் சொன்ன அரங்க எண்ணில் சமையல் புத்தகமும் சிறுவர் புத்தகமும் விற்கும் வேறொரு கடை. அந்தக் கடைக்காரர் இப்படி ஒரு பதிப்பகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றிருக்கிறார். காட்சியை நடத்துவது பபாசி என்ற புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம். அரங்கு எடுத்தவர்களின் பட்டியல் வெளியாகும். யாராவது உங்களுக்கு "தனி இடம்" தருவதாகச் சொன்னால் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, நான் தேடித் தேடித் தெரிந்துகொண்டவை.

இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருகிறது. பதிப்பகம் இல்லாமல் எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எண் உண்மையா என்று ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். 13 இலக்கத்தையும் வரிசையாக எழுதி, முதல் இலக்கத்தை 1-ஆல், அடுத்ததை 3-ஆல், மறுபடி 1, மறுபடி 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். வரும் தொகை 10-ஆல் வகுபட வேண்டும். என் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் எண் வகுபடவில்லை. ஆக, அது வாயில் வந்த எண்.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதிய நொடியிலேயே அது எழுதியவருக்குச் சொந்தம். பதிவு செய்தே ஆக வேண்டும் என்றாலும் இலக்கியப் படைப்புக்கு அரசு கட்டணம் 500 ரூபாய்தான். ஒப்பந்தத்தில் நான் அவசியம் பார்க்கச் சொல்வது உரிமை பற்றிய பத்தியை. எனக்கு வந்ததில் மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா எல்லாம் அவர்களுக்கு என்று எழுதி, எத்தனை வருடம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஐந்து ஆண்டு என்பதே நீண்ட காலம்தான். அதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

70 விழுக்காடு ராயல்டி என்பது விலையில் இல்லை, "நிகர லாபத்தில்". 300 ரூபாய்ப் புத்தகத்தில் கடைக்காரர் கழிவு 35 விழுக்காடு என்றால் 105 போய்விடும். அச்சுச் செலவு 120 என்று அவர்கள் எழுதிக்கொண்டால் மீதி 75. அதில் 70 விழுக்காடு 52 ரூபாய் 50 காசு. அதுவும் எத்தனை விற்றது என்ற கணக்கு அவர்கள் கையில். இத்தனைக்கும் அச்சுக்கான பணத்தையே நாம்தானே கொடுத்திருக்கிறோம்! முறையாக நூலை ஏற்று வெளியிடும் பதிப்பகம் எழுத்தாளரிடம் காசு கேட்பதில்லை. அது தன் பணத்தில் அச்சடித்து, விலையில் பத்து விழுக்காடு போல ராயல்டி தரும். சொந்தச் செலவில் போடுவது தப்பே இல்லை. ஆனால் அப்படியென்றால் அச்சகத்துக்கு அச்சுக் கூலி, பிழைதிருத்துபவருக்கு அவர் கூலி என்று தனித்தனியாகக் கொடுத்து, எல்லா உரிமையையும் பிரதியையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். திருச்சியில் ஒரு அச்சகத்தில் விசாரித்தேன். டெம்மி என்ற புத்தக அளவில் 208 பக்கம், 300 பிரதி, ஒன்றுக்கு 85 ரூபாய் என்றார்கள். மொத்தம் 25,500.

நூலக ஆணையை எந்தப் பதிப்பகமும் உறுதியாகத் தர முடியாது. விண்ணப்பம் போடலாம், தேர்ந்தெடுப்பது பொது நூலகத் துறையின் குழு. "உறுதி" என்ற சொல்லைக் கேட்ட இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தவணை கட்டுவதை உடனே நிறுத்துங்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் பண மோசடிக்கு 1930, இதில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம். எதிராளி சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, உரிமை ஒப்படைப்பை ரத்து செய்வதாகத் தெரிவித்திருக்கிறேன். பதில் வரவில்லை, புகார் தயாராகிறது. புத்தகத்தைத் திருச்சி அச்சகத்திலேயே மறுபடி போடுகிறேன். அந்த அறைத்தோழரைப் போய்ப் பார்த்து, அவர் அத்தியாயத்தை அப்படியே எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டேன். துபாய் படம் போட்ட அட்டையோடு ஒரு பிரதி உங்கள் யார் கையிலாவது இருந்தால், தயவுசெய்து அதன் பக்கங்களைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள், தபால் செலவை நானே தந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன், புதுப் பிரதி வந்ததும் அனுப்பிவைக்கிறேன்.