பட்டியலா, வேர்ச்சொல்லா, அட்டையா?

கடினமான ஆங்கிலச் சொற்களை ஒரு நாளைக்கு ஐம்பது வீதம் மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். வேகத்தில் இதை மிஞ்ச வேறு வழியில்லை. ஆனால் ‘ஃபேமஸ்’, ‘நொட்டோரியஸ்’ இரண்டுக்கும் எதிரே ‘பிரபலமான’ என்றே எழுதியிருந்தேன். இரண்டாவது, கெட்ட பெயரால் பிரபலமானவருக்கான சொல். பேராசிரியர் ஒருவரை மேடையில் அறிமுகம் செய்யும்போது அதைச் சொன்னால் கதை கந்தல். ‘ஸ்லெண்டர்’, ‘ஸ்கின்னி’ இரண்டும் பட்டியலில் ‘ஒல்லியான’தான், முன்னது பாராட்டு, பின்னது பெரும்பாலும் குத்தல்.

வேர்ச்சொல் வழி இதைவிட ருசியானது. லத்தீனில் ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. கூட்டத்தோடு கலகலப்பாகப் பழகுபவர் கிரிகேரியஸ். ஒன்றுகூடுவது காங்கிரிகேட், பிரித்து வைப்பது செக்ரிகேட். மந்தையை விட்டுத் தனித்துத் தெரிவது எக்ரீஜியஸ். ஒரே வேரில் நாலு சொல்! ஆனால் காலை வாருவதும் இந்த நாலாவதுதான். முன்பு சிறந்து விளங்குபவருக்குச் சொன்ன சொல், இன்று படுமோசமான தவறுக்குத்தான் பொருந்தும். வேர் மட்டும் தெரிந்தவருக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் தெரியாது. வேரைப் பார்க்காமல் சாயலை மட்டும் நம்பினால் இன்னும் ஆபத்து. ‘என்னர்வேட்’ எனர்ஜி தராது, இருப்பதையும் உறிஞ்சிவிடும். ‘நாய்சம்’ என்பதில் இரைச்சலும் இல்லை, நாயும் இல்லை. சகிக்க முடியாத நாற்றம்.

மூன்றாவது, முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளும் எழுதிய அட்டை. படித்தது முதல் நாளிலேயே வேகமாகக் கழன்றுவிடுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் 1885-இல் தன்னையே சோதித்து எழுதிவைத்தார். மறக்கப்போகும் சமயம் பார்த்துத் திரும்பக் கேட்பதுதான் ஆன்கி போன்ற செயலிகளின் வேலை. நினைவில் நிற்பதற்கு இதுவே முதலிடம். சரி, குறை? நாலு நாள் திறக்காமல் விட்டால் பாக்கி கந்துவட்டி மாதிரி குட்டி போடும். அப்புறம், அட்டையில் தப்பாக எழுதினால் அந்தத் தப்பும் அதே உறுதியோடு மனசில் பதியும்.

வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆமை வேகம்தான். ஆனால் எந்தச் சொல் எதோடு சேரும் என்பது அங்கேதான் தெரியும்.

தேர்வுக்காகப் படிப்பவர் முதலில் வினாத்தாளைப் பார்க்க வேண்டும். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுகளில் ஒத்த சொல், எதிர்ச்சொல் நேரடியாகவே வரும். கையில் ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் பட்டியலையே பிடித்துக்கொள்ளலாம். வெளிநாட்டு மேற்படிப்புக்காகப் பலர் எழுதும் ஜிஆர்ஈ தேர்வு 2011-லேயே எதிர்ச்சொல் கேள்விகளைக் கைவிட்டு, வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறது. அங்கே வெறும் பட்டியல் செல்லாது.

தேர்வு அவசரம் இல்லாத நான் இப்போது வாசிப்பையும் அட்டையையும் சேர்த்துக்கொண்டேன். சொல்லை எங்கே பார்த்தேனோ அந்த வாக்கியத்தோடுதான் அட்டையில் ஏற்றுகிறேன். நொட்டோரியஸ் அட்டையின் பின்பக்கத்தில் இப்போது ‘பிரபலமான’ இல்லை. நாளிதழ்ச் செய்தி ஒன்றின் ஒரு வரி, அதில் ஒரு ரவுடி.