ஜூடோவா, ஜியு-ஜிட்சுவா?

ஒன்பது வருடம் ஜூடோ ஆடியவன், போன வருடம் மதுரையிலேயே தரையில் மல்லுக்கட்டும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பிலும் சேர்ந்தேன்.

ஜூடோவில் முதுகு தரையில் பட பலமாக விழுந்தால் எதிராளிக்கு இப்பான், அதாவது முழுப் புள்ளி; ஆட்டம் முடிந்தது. ஜியு-ஜிட்சுவில் மல்லாந்து படுத்தபடியே காலால் ஆளைப் பூட்டுகிறார்கள். தூக்கிப் போட்டால் வெறும் 2 புள்ளி. நெஞ்சில் ஏறி உட்கார்ந்தால் 4.

முதல் நாள் ஒரு கல்லூரிப் பையனை அழகாகத் தூக்கிப் போட்டேன். அப்புறம் அவன் புரட்டிவிட, பழக்கதோஷத்தில் குப்புறப் படுத்தேன். ஜூடோவில் அப்படிக் கொஞ்சநேரம் தாக்குப்பிடித்தால் நடுவர் ‘மாத்தே’ (நிறுத்து) சொல்லி எழுப்பிவிடுவார். இங்கே எழுப்ப ஆளில்லை. முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்தவன், “அண்ணே, தட்டிருங்க” என்றான். தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினேன்.

எறியவும் அடிபடாமல் விழவும் ஜூடோதான். தரையில் பதறாமலிருக்க ஜியு-ஜிட்சு. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில் உடுப்பு நனைந்து கனப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.