ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம்: பார்வையாளருக்கு ஒரு மதிப்புரை

சென்னை தியாகராய நகர் ஆற்காடு தெருவில் உள்ள இந்த இல்லத்துக்குச் செல்பவர்கள், இது எம்.ஜி.ஆர். குடும்பத்தோடு வாழ்ந்த வீடு அன்று என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வாழ்ந்தது ராமாவரம் தோட்டத்தில். இங்கே இருந்தது அவருடைய அலுவலகம். தம் காலத்துக்குப் பின் இதை நினைவு இல்லமாக்க வேண்டும் என்று உயில் எழுதி வைத்தவர் அவரே. ஆகையால், புகழ்பெற்ற ஒருவரின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்துவிடலாம் என்ற ஆசையோடு வருபவர்களுக்குக் கிடைப்பது, அவர் தம்மை எப்படிக் காட்ட விரும்பினாரோ அப்படிப்பட்ட ஒரு தோற்றம்தான்.

கேடயங்கள், விருதுகள், பரிசுப் பொருள்கள், புகைப்படங்கள் என்று கண்ணை நிறைப்பவை பெரும்பாலும் பிறர் அவருக்குக் கொடுத்தவை. அவற்றை ஓரளவுக்கு மேல் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. குழந்தைகளோ ‘அடிமைப்பெண்’ (1969) படத்துக்காக வளர்க்கப்பட்டு, இறந்தபின் பாடம்செய்து வைக்கப்பட்ட சிங்கத்தை விட்டு நகர மாட்டார்கள். அது நடிகரின் வீரத்துக்குச் சான்றாக நிற்கிறதே ஒழிய, மனிதரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

மனிதரைச் சற்று நெருங்க விடுவது, 4777 என்ற எண் கொண்ட அம்பாசிடர் கார்தான். மாவட்ட ஆட்சியரும் மருத்துவரும் வாடகைக்கார் ஓட்டுநரும் பயன்படுத்திய அதே வகை வண்டியில்தான் முதலமைச்சராக இருந்தவரும் போய்வந்தார் என்பதை, எந்தப் புகைப்படத்தையும்விட அந்த வண்டியின் எளிய அமைப்பு தெளிவாக உணர்த்துகிறது. இந்த இல்லத்தில் நான் நெடுநேரம் நின்ற இடம் அது ஒன்றே.

இதை இல்லத்தின் குறையாகச் சொல்வது நியாயமாகாது. இலங்கையில் நாவலப்பிட்டியில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, வறுமையின் காரணமாக நாடகக் கம்பெனியில் சேர்ந்த அந்தச் சிறுவனை, பிற்காலத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் மக்கள்முன் தோன்றாத தலைவருக்குள் தேடுவது எளிதன்று. அடக்கம் செய்யப்பட்டபோதும் அவை உடன் இருந்தன. புகழைத் தாண்டித் தம்மைப் பார்க்க அவர் எவரையும் எளிதில் அனுமதித்ததில்லை. இல்லமும் அதே ஒழுங்கைக் காக்கிறது.

புகழுக்கு அப்பாலுள்ள மனிதரைக் காண விரும்புபவர்கள், இதே தியாகராய நகரில் திருமலைப் பிள்ளை சாலையிலுள்ள காமராசர் நினைவு இல்லத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர் வாடகைக்குக் குடியிருந்து, 1975 அக்டோபர் 2 அன்று உயிர்விட்ட வீடு அது. ஆற்காடு தெருவை முதலில் பார்த்துவிட்டு அங்கே போவதே சரியான வரிசை என்பேன். மாற்றிப் பார்த்தால் கேடயங்களின் பளபளப்பு இன்னும் கூசும்.

ஆற்காடு தெரு இல்லத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. நிதானமாகப் பார்க்க விரும்புபவர்கள் அவருடைய பிறந்த நாளான ஜனவரி 17, நினைவு நாளான டிசம்பர் 24 ஆகிய இரண்டையும் தவிர்த்துவிட்டு வேறொரு நாளில் செல்லலாம்.