நெஞ்செரிச்சலுக்கு நுண்துளை அறுவைச் சிகிச்சை: ஏழு ஆண்டுகளுக்குப் பின்

அம்பாசமுத்திரத்துக்காரனான நான், பதினைந்து ஆண்டுகளாக நெஞ்செரிச்சலை முதலில் சீரகத் தண்ணீராலும் பின்னர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரையாலும் சமாளித்து வந்தேன். படுத்தால் புளித்த நீர் தொண்டை வரை ஏறும் என்பதால், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்தே உறங்கினேன். 2017-இல் பாளையங்கோட்டையில் எடுத்த எண்டோஸ்கோப்பியில், உணவுக்குழாயின் அடிப்பகுதியில் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு உட்படலம் மாறியிருப்பது தெரிந்தது. வெளிறிய படலம் இருக்க வேண்டிய இடத்தில், ஓயாமல் அமிலம் பட்டதால், குடலின் உட்புறத்தை ஒத்த சிவந்த படலம் வளர்ந்திருந்தது. சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும் அதை பாரெட் மாற்றம் என்று உறுதி செய்தது. பெரும்பாலானோருக்கு இது புற்றுநோய் ஆவதில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகும், அன்றிரவு நான் உறங்கவில்லை.

மாத்திரையை மீறியும் எதுக்களிப்பு நீடித்ததால், 2018-இல் அறுவைக்கு ஒப்புக்கொண்டேன். அதற்கு முன், உணவுக்குழாய் சரியாகச் சுருங்குகிறதா என்று பார்க்கும் மேனோமெட்ரியும், மூக்கு வழியே விட்ட மெல்லிய குழாயோடு 24 மணி நேரம் இருந்து அமிலத்தை அளக்கும் சோதனையும் நடந்தன. என் அனுபவத்தில் அறுவையை விட இவையே சிரமம். ருடால்ஃப் நிஸ்ஸன் 1956-இல் வெளியிட்ட முறையை, வயிற்றைத் திறக்காமல் ஐந்து சிறு துளைகள் வழியே எனக்குச் செய்தார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில், உணவுக்குழாய் நுழையுமிடத்தில் விரிந்திருந்த துளையைத் தைத்து இறுக்கி, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி முழுவட்டமாகப் போர்த்தித் தைத்தார்கள். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் இரண்டு நாள் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது.

முதலில் கஞ்சி, பிறகு மைனி செய்து தந்த சொதியில் நன்றாக ஊறவைத்த இடியாப்பம் என்று நாள்கள் நகர்ந்தன. மூன்றாவது வாரத்தில் ஆசைப்பட்டுத் தின்ற ஒரு துண்டு பரோட்டா நெஞ்சில் நின்றுகொண்டு, அரை மணி நேரம் உமிழ்நீரைக்கூட விழுங்க விடாமல் வாட்டியது. தயவுசெய்து யாரும் அவசரப்படாதீர்கள். இன்றும் எனக்கு ஏப்பம் எளிதில் வராது, வயிறு உப்பும், கல்யாணப் பந்தியில் பாதி இலையோடு எழுந்துவிடுகிறேன். ஆனால் எரிச்சல் இல்லை, மாத்திரை இல்லை, கட்டிலுக்கடியில் செங்கலும் இல்லை.

எரிச்சல் நின்றதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் எண்ணிவிட்டார்கள். "அதான் ஆபரேஷன் முடிஞ்சிட்டுல்லா அத்தான், இன்னும் எதுக்கு டியூப் விடச் சொல்லுதாவ?" என்று மச்சினன் கேட்டான். இந்த அறுவை அமிலம் ஏறுவதைத் தடுக்கிறதே தவிர, ஏற்கெனவே மாறிய படலம் பழைய நிலைக்குத் திரும்பும் என்றோ புற்றுநோய் வாய்ப்பு அடியோடு நீங்கும் என்றோ உறுதி தருவதில்லை. தொந்தரவு இல்லாதபோது சோதனைக்குப் போக மனம் வராது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். 2019-க்குப் பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பிக்குச் செல்கிறேன்; ஒவ்வொரு 2 சென்டிமீட்டர் இடைவெளியிலும் நான்கு பக்கமும் சதை எடுத்துப் பார்க்கிறார்கள். 2025-இல் எடுத்ததில் உயிரணுக்களில் கெடுதலான மாற்றம் எதுவுமில்லை, மாறிய படலத்தின் நீளம் அதே 4 சென்டிமீட்டர். அடுத்த சோதனை 2028-இல்.