சேலத்தில் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு: என் 9,200 ரூபாய் போன விதம்

நேற்று மாலை நான்காவது முறையாக நியாயம் கேட்டு அந்தக் கடைப் படியேறி, நான்காவது முறையாக வெறுங்கையோடு ஏற்காட்டுக்குத் திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 9,200 ரூபாய். ஆறு மாதம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருமாக அடுக்கி வைத்து விற்கும் கடைகளில் ஒன்று, அவ்வளவுதான். குறைந்த விலையில், அலமாரியில் வைக்கும் அளவுள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். எஸ்டேட்டில் 31 ஆண்டு கணக்கு எழுதியவர். இப்போது காது கொஞ்சம் மந்தம். டிவியில் பழைய பாட்டுப் போட்டால் வாத்தியம் கேட்கிறது, வரி பிடிபடவில்லை. "குரல் தெளிவாகக் கேட்டால் போதும் கண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக மலையிறங்கிப் போனேன்.

ஒன்றும் தெரியாமல் போகவில்லை. பெட்டியின் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். பலாப்பழத்தைத் தட்டுகிறோமே, அப்படி. கனத்த, குறுகிய சத்தம் வந்தால் பலகை திடமானது. தகர டப்பா போல அதிர்ந்தால், பாட்டோடு பெட்டியும் சேர்ந்து பாடும். கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஜோடியைத் தட்டினேன். நல்ல சத்தம்தான் வந்தது. அதோடு விட்டிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். கடைக்காரர் தானே திருப்புளியை எடுத்தார்.

"வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம் அக்கா, கண்ணால் பாருங்கள்" என்று கனத்த சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினார். வெட்டுமுகத்தில் 15 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை, மரநாரை அழுத்திச் செய்த திடமான பலகை. உள்ளே சுவரெல்லாம் பஞ்சு. பின்னால் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகை, அதில் தடித்த செம்புக் கம்பிச் சுருள் இரண்டு. என் விரலைப் பிடித்து அந்தச் சுருளின் மேல் வைத்தார். "இதுதான் கீச்சுச் சத்தம் வூஃபருக்குப் போகாமல் தடுக்கும். இந்தக் கண்டென்சர் கனமான சத்தம், கீச்சுச் சத்தம் தரும் இந்தச் சின்ன ட்வீட்டருக்குப் போகாமல் தடுக்கும். விலை குறைந்த மாலில் இதையெல்லாம் வைக்க மாட்டார்கள்." அத்தனையும் உண்மை. ஒரு சொல் கூடப் பொய்யில்லை. அதுதான் இன்னும் நெஞ்சைக் குடைகிறது.

டீ வந்தது. நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே பையன் குடோனிலிருந்து சீல் உடைக்காத பெட்டியைக் கொண்டுவந்தான். "காட்சிக்கு வைத்தது பத்துப் பேர் கைபட்டது, உங்களுக்குப் புதுசு" என்றார். அந்த இடத்தில்தான் ஏமாந்தேன். 9,200 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில்லில் 'ஸ்பீக்கர் 1 செட்' என்று மட்டும் எழுதியிருந்தது. மாடல் எண் இல்லை. கவனிக்கவில்லை.

வீட்டில் முதல் நாளே குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. 'ச'வும் 'ஸ'வும் காதைக் கீறின. போன் செய்தேன். "50 மணி நேரம் ஓடட்டும் அக்கா, பழகிவிடும்." ஓடவிட்டேன். மாறவில்லை. நேரில் போனேன். "உங்கள் ஆம்ப்ளிஃபயர் சரியில்லை." பக்கத்து வீட்டு ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பார்த்தேன். அதே பானை.

மூன்றாவது வாரம் விடாத மழை. இடது பெட்டியின் கீழ் விளிம்பில் மேல்தாள் அப்பளம் போல உப்பியது. நகத்தால் அழுத்தினேன், பலகை தூளாக உதிர்ந்தது. தம்பி வயரிங் வேலை செய்கிறவன், கழற்றினான். எம்.டி.எஃப். இல்லை, மெல்லிய துகள் பலகை. பஞ்சு ஒரு இழை இல்லை. சுருள் இல்லை. ட்வீட்டருக்கு ஒரே ஒரு கண்டென்சர், வூஃபருக்கு நேராக வயர். வூஃபரின் பின்னால் அகலமாகத் தெரிந்த காந்தத்தின் கறுப்பு ரப்பர் உறையை உருவினால் உள்ளே எலுமிச்சம்பழ அளவுதான் காந்தம். அடியில் ஒரு சிமெண்டுக் கட்டியை ஒட்டியிருந்தார்கள். தூக்கிப் பார்த்துக் கனமாக இருக்கிறது, நல்ல பெட்டி என்று நான் நம்பியது அந்தச் சிமெண்டை.

பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனேன். "பிரித்துவிட்டீர்கள், வாரண்டி கிடையாது" என்றார். அடுத்த முறை, "ஏற்காட்டு ஈரத்துக்கு நாங்கள் பொறுப்பா?" என்றார். ஈரம் பலகையை ஊறவைக்கும், ஒப்புக்கொள்கிறேன். எம்.டி.எஃப். கூட விளிம்பில் ஈரம் குடிக்கும். செம்புச் சுருளை ஈரமா கழற்றிக்கொண்டு போனது?

நேற்று, காட்சிக்கு வைத்த அதே ஜோடியைக் கொடுங்கள், மேலே ஒரு ரூபாய் கேட்க மாட்டேன், பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்றேன். "அது விற்பனைக்கு இல்லை மேடம். தள்ளி நில்லுங்கள், ஆள் காத்திருக்கிறார்." அக்கா என்று டீ வாங்கிக் கொடுத்த வாய். காத்திருந்தவர் ஒரு கல்லூரிப் பையன். நான் வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். திருப்புளி மறுபடியும் அவர் கையில் இருந்தது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: கழற்றிக் காட்டிய ஜோடியையே வாங்குங்கள், இல்லையென்றால் சீல் பெட்டியைப் பணம் கொடுக்கும் முன் அங்கேயே பிரித்துத் தட்டுங்கள். காற்றுத் துளை வழியாக செல்போன் டார்ச் அடித்துப் பஞ்சு, பலகை பாருங்கள். எடையை நம்பாதீர்கள். ஒரு கணத்து உச்சக் கணக்கான பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வாட்ஸையும் நம்பாதீர்கள், தொடர்ந்து தரும் சக்தியான ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். மாடல் எண் இல்லாத பில்லைத் திருப்பிக் கொடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை பேசிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்கு நாம் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நான் போடுகிறேன். 9,200 ரூபாயை விடமாட்டேன்.

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு நீலப் பையோடு அங்கே நின்ற தம்பி, இதைப் படித்தால், இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால், குடோனிலிருந்து வரும் பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.